கதிரியக்கத் தீட்டு

நாயின் குடலில் வாழும் புழு ஒன்று எப்படியோ என் கல்லீரலுக்குள் வந்து நீர்க்கட்டியாக வளர்ந்திருந்தது. விழுப்புரத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வலி. உள்ளே பித்தநீர் கசிந்தால் இன்னொரு முறை வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். எனக்கு உயிரே போய்விட்டது. கசிகிறதா என்று பார்க்கப் புதுச்சேரிக்கு அனுப்பினார்.

அங்கே கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது கல்லீரல் வழியாகப் போகிற பாதையைக் கேமராவில் படம் பிடித்தார்கள். முடிந்ததும் நர்ஸ் என் கணவரிடம், "இன்னிக்கி ஒரு நாள் மாசமா இருக்கறவங்க, கொழந்தைங்க பக்கத்துல போவ வேணாங்க. ரிப்போர்ட் நாளைக்கி போனுக்கு வந்துடும்" என்றார்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதனால் வழியில் கிளியனூர் வருவதற்குள் கணவர் பஸ்ஸிலிருந்தே மாமியாருக்குப் போன் போட்டுவிட்டார். ஐசோடோப் என்றார், கதிர் என்றார். முன் சீட்டுக்காரர் எழுந்து போய்ப் படிக்கட்டருகே நின்றுகொண்டார். மாமியார் கேட்டது ஒன்றுதான்.

"தீட்டு மாரியாடா?"

"அப்டியே வெச்சுக்கம்மா."

வீட்டுக்குப் போனால் பின்னறையில் பாய், தனித் தட்டு, தனி டம்ளர், வாசலில் ஒரு குண்டான் மஞ்சள் தண்ணீர். கல்யாணமான புதிதில் மாதா மாதம் இந்தப் பாயில் உட்கார மாட்டேன் என்று சண்டை போட்டு, அந்த வழக்கத்தையே ஒழித்தவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. சமையல் இல்லை, துவைக்கத் துணி இல்லை, கழுவப் பாத்திரம் இல்லை. கணவர் சாப்பாட்டைக் கதவருகே வைத்து, துணி காயப்போடும் கொம்பால் உள்ளே தள்ளினார். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பட்டப்பகலில் தூங்கினேன். விழித்தபோதெல்லாம் தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்துப் பயந்தேன். பயத்தோடு சுகமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலை கணவர் போனைப் பார்த்தபடி கதவருகே வந்தார். "கசிவு இல்லயாம். கல்லீரல் நல்லா வேலை செய்யுதாம்" என்றார். நான் அழுதே விட்டேன். பின்னால் நின்ற மாமியார் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அப்ப தலைக்கு ஊத்திக்கினு வந்து தோசை ஊத்தும்மா. மாவு புளிச்சிக்கினு கெடக்கு."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தேன்.

"தீட்டுன்னா மூணு நாளுங்க அத்த."