மாமா வேட்டைக்கு உடுத்த உடுப்பு

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கடல் கடந்து, டூங்கபி என்ற வெள்ளைக்காரர் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. அந்தத் தெருவில் தமிழ் கேட்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். வவுனியாவில் குளத்து வேலைகளில் ஆட்களை வைத்து வேலை வாங்கிய மனிதருக்கு இங்கே ஒரு வேலையும் அமையவில்லை. காலையிலிருந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கேட்டால் மட்டும் வாய் திறந்து வேட்டைக் கதை சொல்வார். வன்னிக் காட்டில் ஒரு மான் தன்னை மரமென்று நினைத்து முதுகை உரசிவிட்டுப் போனதாம். அம்மா நம்பவில்லை. நான் நம்பினேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அங்கிள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மலைகளுக்கு அப்பால் தன் அண்ணனின் பண்ணையில் முயல்கள் புல்லையெல்லாம் அழிக்கின்றன, உங்கள் மாமா நன்றாகச் சுடுவாராமே, வருவாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்க்குமுன்பே உள்ளேயிருந்து மாமா தமிழில், "ஓம், ஓம்" என்றார்.

சனிக்கிழமை அப்பா எங்களைப் பழைய இராணுவ உடுப்பு விற்கும் கடைக்குக் கூட்டிப்போனார். மாமா ஒவ்வொரு சேட்டாக எடுத்துக் காதருகே பிடித்துக் கசக்கிப் பார்த்தார். சரசரத்தவற்றைத் தள்ளினார். பளபளக்கிற பித்தான் உள்ளவற்றையும் தள்ளினார். கடைசியில் கரும்பச்சையில் கறுப்புத் திட்டுகள் போட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கே எல்லாம் மஞ்சளாய் இருக்கும் எண்டு ரீச்சர் படத்தில காட்டினவா" என்றேன்.

"காடு எண்டால் பச்சைதான் பிள்ளை."

அங்கிள், அப்பா, அம்மா, மாமா, நான் என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மலைகளைக் கடந்து கார் இறங்கியதும் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது. பிறகு கண்ணுக்கெட்டியவரை காய்ந்த புல்லும் வெளிறிய மண்ணும்தான். மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பண்ணையில் போய் இறங்கியபோது அந்த வெளியிலேயே பச்சையாக நின்றவர் அவர் ஒருவர்தான். அங்கிளின் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரை நட்டுவைத்தால் முயல்கள் நிழலுக்கு வரும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்பா அதை மாமாவுக்குத் தமிழில் சொல்லாமல் விட்டார். எனக்கு விளங்கியிருந்தது. மாமாவுக்கும்தான். காரில் ஏறித் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அவர் ஒரு பிடி புல்லைப் பிடுங்கித் தன் சட்டைக் கையோடு வைத்துப் பார்த்தார். மண்ணைக் கிள்ளித் தேய்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய் இரண்டு வெறும் கோதுமைச் சாக்குகளோடு வந்தார்.

"அக்கா, ஒரு கத்தரிக்கோல் கேட்டு வாங்குங்கோ."

"இந்த ஆக்களுக்கு முன்னால சாக்கை உடுத்திக்கொண்டு நிக்கப் போறியோ?"

"முயலுக்கு முன்னாலதானே அக்கா நிக்கப் போறன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே கழுத்துக்கும் கைகளுக்கும் ஓட்டை வெட்டிக் கொடுத்தார். மாமா சாக்கின் ஓரங்களிலிருந்து நூல் நூலாக இழுத்துப் பிய்த்தார். "ஓரம் நேராய் இருந்தால் கண்ணில குத்தும். புல்லு எங்க நேராய் நிக்குது?" முகத்திலும் கையிலும் புழுதி பூசிக்கொண்டு, சுடுவதற்கு இரவல் வாங்கிய துவக்கோடு சரிவில் இறங்கினார்.

நான் அங்கிளோடு ஒரு மரத்தடியில் அசையாமல் இருக்கவேண்டுமென்பது கட்டளை. மாமா படுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கண் சிமிட்டியதும் அவரைக் காணவில்லை. வெயில் சாயச் சாய முயல்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தவை எங்களுக்குப் பக்கத்தில்தான். ஒன்றின் காதுக்குள்ளால் சிவப்பாய் வெளிச்சம் தெரிந்தது. நான் அங்கிளின் சட்டையை இழுத்துக் காட்டினேன். மடியில் துவக்கு சும்மா கிடக்க, அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முயல்கள் எங்களைத் தாண்டிச் சரிவில் இறங்கின. வெடிச்சத்தம் கேட்டது. புல்லில் ஒரு துண்டு எழுந்து நின்று, முயலைத் தூக்கிப் பிடித்துக் கையசைத்தது.

அன்று மாலை பண்ணை வீட்டுக் குசினியில் அம்மா, கொண்டுவந்த கறித்தூளைப் போட்டுக் கறி வைத்தார். பண்ணைக்காரர் மூக்கைச் சிந்திச் சிந்தி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மாமா அவருக்கு மான் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு இவ்வளவு ஆங்கிலம் தெரியுமென்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் அம்மாவின் காதில் சொன்னேன்: "அங்கிளுக்குக் கண் தெரியாது அம்மா. முயல் காலடியில நிண்டும் சுடேல்லை."

அம்மா முதலில் மாமாவையும் அடுத்து அங்கிளையும் பார்த்தார். பிறகு, "நல்ல மனிசன்" என்றார். நான் சொன்னதற்கும் அதற்கும் என்ன தொடர்பென்று விளங்கவில்லை.

மறுநாள் அம்மா வடை சுட்டு அங்கிளிடம் கொடுத்துவரச் சொன்னார். கண் தெரியாத மனிதர், தட்டைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று, அவர் கையைப் பிடித்து அதன் விளிம்பில் கவனமாக வைத்துவிட்டு வந்தேன்.