பனி காட்டிய ப்ளகின்

கொடைக்கானல் பஜாரில் என் கம்பளிக் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. அங்கே உட்கார்ந்துதான் ஸைமா காட்டேஜ்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். வாய் ஓயாத பெண். அவள் மாடியில் போனில் பேசினால் கீழே என் வியாபாரம் கெடும்.

இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரே வியாதி. வெந்நீர் வருமா என்றுகூடக் கேட்கமாட்டார்கள், "பனி இருக்கா?" என்றுதான் போன் வரும். அடுக்கம் கிராமத்தில் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஒரு அறையை வாடகைக்கு விடுகிறாள் பொன்னுத்தாய். அவளுக்கு அந்தப் போனை எடுத்தே தோட்டத்துச் சோலி கெட்டது. "ஏதாச்சும் பண்ணு தாயி" என்று ஸைமாவிடம் வந்து நின்றாள். வெப்சைட்டில் ஒட்டவைக்கிற குட்டி மென்பொருளுக்குப் ப்ளகின் என்று பேராம்; இலவசமாகக் கிடைத்த அப்படி ஒன்றை ஸைமா அவள் வெப்சைட்டில் சேர்த்தாள். இன்றைக்குப் பனி உண்டா என்று அது ஒரு மூலையில் காட்டும். போன் தொல்லை ஓய்ந்தது. மற்ற காட்டேஜ்காரர்களும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஓசியில் எவன் எதைக் கொடுப்பான்? அந்தப் ப்ளகினுக்குள் விளம்பரத்துக்காக வேவு பார்க்கிற நிரல் ஒன்று ஒளிந்திருந்தது. பக்கத்தைத் திறக்கிற போனையெல்லாம் குறித்துக்கொண்டு, எந்த அறையைப் பார்த்தார்கள் என்று ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. இது ஸைமாவுக்குத் தெரியாது.

போன கார்த்திகையில் நதியா என்ற பெண் பொன்னுத்தாயின் அறையில் வந்து தங்கினாள். புருஷனின் அடி தாங்காமல் ஓடி வந்தவள். விவரமான பெண். வீட்டுக்குப் பொதுவாக இருந்த போனில் ஒரு தடவை அறையைப் பார்த்துவிட்டு, பார்த்த தடத்தையும் அழித்திருக்கிறாள். பிறகு பக்கத்து வீட்டுப் போனில் பேசித்தான் அறையைச் சொல்லி வைத்தாள். வந்த சில நாளில் பொன்னுத்தாயோடு காப்பிப் பழம் பறிக்கப் போனாள். முக வீக்கம் வடிந்து, சிரிக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் வெள்ளனே அவள் புருஷன் காரில் வந்து இறங்கினான். பழம் பறித்துக்கொண்டிருந்தவளை முடியைப் பிடித்து இழுத்தான். தடுக்கப் போன பொன்னுத்தாயைத் தள்ளிவிட்டதில் அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. "எங்க ஒளிஞ்சாலும் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று வீட்டுப் போனை நதியாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அதில் பச்சை ஜன்னல் வைத்த அதே அறையின் படம். கீழே, 'நீங்கள் பார்த்த அடுக்கம் அறை உங்களுக்காகக் காத்திருக்கிறது.' அவளைக் காரில் தள்ளிக்கொண்டு போய்விட்டான். போலீஸ் தேடிப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது.

"என் ரூம் படம் அவன் போனுக்கு எப்படிப் போச்சு?" என்று மாவுக்கட்டோடு வந்து கேட்டாள் பொன்னுத்தாய். அன்றைக்குத்தான் ஸைமா அந்தப் ப்ளகினைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு தடவை பார்த்த அறையை அதே போனுக்குத் திரும்பத் திரும்ப விளம்பரமாக அனுப்ப அது வழி செய்திருந்தது. செய்தவனுக்கு எழுதிக் கேட்டதற்கு, சம்மதம் என்று அழுத்தியது நீங்கள்தானே என்று பதில் வந்தது. எல்லா வெப்சைட்டிலிருந்தும் அதை எடுத்துவிட்டாள். அதன்பின் மாடியில் பேச்சுச் சத்தமே இல்லை.

போன வாரம் அவளோடு நானும் அடுக்கம் போனேன். மன்னிப்புக் கேட்க வந்தவளைப் பேசவே விடாமல் பொன்னுத்தாய் அந்த அறையைத் திறந்து காட்டினாள். நதியாவின் செருப்பு கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தது.

"யாருக்கும் வாடகைக்கு விடல தாயி. அந்தப் புள்ள மறுபடி தப்பிச்சு வந்தா எங்க போகும்?"

ஸைமா குனிந்து அந்தச் செருப்பை ஜோடி சேர்த்து வைத்தாள்.

"இங்க வர முடியாதுக்கா" என்றாள். "இந்த இடந்தான் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சே."