ஒரே மரத்தில் இரண்டு நிறம்

அமெரிக்காவின் யாக்கிமா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் டெல்மா குவிஸ்ட். அவர் கொல்லையில் நட்ட செர்ரி மரம் வசந்தம்தோறும் பூத்துக் குலுங்கும். ஒரு பழம்கூடத் தராது. அது பிங் என்கிற கருஞ்சிவப்பு ரகம். வேறு ரகம் பக்கத்தில் பூத்தால்தான் காய் பிடிக்கும் என்றார்கள் நாற்றுக்கடையில். இன்னொரு மரம் வாங்கி நட்டார், அது பட்டுப்போனது. அத்தோடு ஆசையை விட்டுவிட்டார்.

இந்த ஜூனில் மரம் காய்த்துத் தள்ளியது. எல்லாம் கருஞ்சிவப்பு. வேலியோரக் கிளையில் மட்டும் மஞ்சளும் சிவப்பும் கலந்த பழங்கள். டெல்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அதே மஞ்சள்.

மகள் கரினைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஒரே மரத்துல ரெண்டு நிறமா? அம்மா, கண் டாக்டரைப் பார்த்தியா?"

"கண்ணு நல்லாத்தான்டி இருக்கு. தின்னும் பார்த்துட்டேன், ருசியும் வேற."

சொன்னாரே தவிர, அவருக்கே தன்மேல் சந்தேகம். மறுபடி போய்க் கிளையைத் தடவினார். அடியில் ஒரு வீக்கம். அதற்குள் புதைந்து வெள்ளை இழை. பிய்த்து இழுத்துப் பார்த்தார். பல்லிடுக்கில் விட்டுச் சுத்தம் செய்கிற நூல்!

பக்கத்து வீட்டு வெர்ஜில் ஹூபர் பல் டாக்டராக இருந்தவர். தன்னைக் கேட்காமல் தன் லைலாக் பூச்செடியை வெட்டினார் என்று டெல்மா அவரோடு பேசி வருஷக்கணக்காகிறது. இப்போது வேலியோரம் போய்க் கூப்பிட்டார்.

"வெர்ஜில், என் மரத்துல கை வெச்சியா?"

"வெச்சேன். நீ இடுப்பு ஆபரேஷனுக்குப் போயிருந்த வருஷம். என் தங்கச்சி தோட்டத்து ரெய்னியர் குச்சியை, அதான் மஞ்சள் செர்ரி, ஒட்டுக்கட்டினேன். இந்த வருஷம்தான் முதல்ல பூத்துச்சு, அதனாலதான் உன் மரமும் காய் பிடிச்சிருக்கு."

"என் வீட்டுக்குள்ள கால் வைக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"கால் எங்க வெச்சேன்? ஏணி என் பக்கம்தான் இருந்துச்சு. கை மட்டும்தான் அந்தப் பக்கம் வந்துச்சு."

"சொல்லக் கூடாதா? எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சோன்னு பயந்துட்டேன்யா!"

"நீதான் முகம் கொடுத்தே பேசலையே."

"சரி, எதுக்குச் செஞ்சே?"

வெர்ஜில் தலையைச் சொறிந்தார். "தெரியல டெல்மா. ஜன்னல்ல நின்னா, வருஷா வருஷம் அவ்வளவு பூவும் சும்மா கொட்டுறது தெரியும். பார்க்க முடியல."

திட்டவா, நன்றி சொல்லவா? டெல்மா திரும்பி வந்து பழம் பறித்தார். அன்று மாலை ஒரு கிண்ணம் நிறைய வெர்ஜில் வாசலில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் வந்தார்.

மறுநாள் வெர்ஜில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து வணக்கம் சொன்னபோது பதில் வணக்கம் தானாக வந்துவிட்டது. கோபம் தீர்ந்துவிட்டதா இல்லையா என்று புரியாமலே டெல்மா உள்ளே போனார்.