இரவல் மயில்

பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் பையில், நீலத்தின் பல சாயல்களில் மட்டுமே போட்ட எம்பிராய்டரியைப் பார்த்ததும் என் முகம் சுட்டது.

சின்ன வயதில், சுங்குவார்சத்திரம் வீட்டுக்கு அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அவளுடைய கைவேலை என்று அம்மா தலையணை உறையை நீட்டினாள். வெளிர்நீலத்தில் தொடங்கிக் கருநீலத்தில் முடியும் மயில், வேறு நிறமே கிடையாது.

மாப்பிள்ளையின் தாய் சிரித்தாள். "போன வாரம் தண்டலத்துல பாத்த பொண்ணும் இதையேதான் காட்டுச்சி. இன்னாம்மா, எரவலா?"

தண்டலத்துப் பெண் அக்காவின் சிநேகிதி. அக்கா போட்ட உறையை இரவல் வாங்கிப்போனது அவள்தான்.

"உண்மைய சொல்லேண்டி," என்றாள் அம்மா.

"அந்தத் தண்டலத்துப் பொண்ணு போட்டதுதாங்க," என்றாள் அக்கா, சிநேகிதியைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். அந்த மாப்பிள்ளை தண்டலத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டார்.

"நல்லா கீதும்மா," என்றேன் பக்கத்துப் பெண்ணிடம்.

பேருந்துக்கே கேட்கும்படி அவள் சொன்னாள்: "நானே போட்டது ஆன்ட்டி!"