மண்ணில் உட்காரும் டீச்சர்

உடையார்பாளையத்தில் என் மகள் போன அங்கன்வாடியின் டீச்சர் கனத்த உடம்புக்காரர். அவர் புடவையின் பின்பக்கம் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். ஏன் என்று ஒரு காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

வாசலில் முந்திரி மர வேர் தடுக்கி மகள் விழுந்தாள். தூக்குவதற்கு ஓடினேன். "இருங்கம்மா" என்று என்னைக் கையமர்த்திவிட்டு, டீச்சர் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"வலிக்குதா தங்கம்?"

அவள் விசும்பிக்கொண்டே ஆமாம் என்றாள்.

"எனக்கும் முட்டி வலிக்குது. எந்திரிக்க முடியல. நீ எந்திரிச்சு எனக்குக் கை குடுக்கறியா?"

சின்னச் சிராய்ப்புக்கு அரை நாள் அழுகிறவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு கையாலும் அவரைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் எழுந்து நின்றதும் அவள் முகத்தில் வந்த மிடுக்கை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

முட்டி வலி பிள்ளைக்காகச் சொன்ன பொய் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பஸ் படியில் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் விழுகிற ஒவ்வொரு பிள்ளைக்காகவும் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்.

புடவையில் அன்றும் மண் ஒட்டியிருந்தது.