சராசரியில் காணாமல் போனது

நானும் அவளும் ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே மேசையில், ஒரே ரூபிடியம் வாயுவோடு மல்லுக்கட்டியவர்கள். மும்பையில் நான் மாட்டுங்கா, அவள் தாராவி. அவளுடைய அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. "படிச்சது போதும், கடையில வந்து உக்காரு" என்று அவர் சொல்லும்போதெல்லாம், "இது மட்டும் கிடைச்சிரட்டும்ப்பா" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

'இது' என்றால் காலப் படிகம். குளிரவைத்த அணுக்களை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, லேசரைச் சீராக ஏற்றி இறக்குவோம். அணுக்கள் சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களில் உட்கார்வதுபோல உட்கார்ந்து, அடுத்த ஏற்றத்தில் வெள்ளைக் கட்டங்களுக்குத் தாவி, அதற்கடுத்ததில் திரும்பவேண்டும். நாம் லேசரால் இரண்டு முறை தட்டினால்தான் அது ஒரு சுற்று முடிக்கும். அந்தப் பிடிவாதத்தைப் பார்க்கத்தான் அத்தனை பாடும். கண்ணாடி வழியே கசியும் ஒளி, அணுக்கள் எந்தக் கட்டங்களில் இருக்கின்றன என்று காட்டிக்கொடுக்கும்.

சோதனையை ஒருமுறை ஓட்டிக் கிடைக்கும் பதிவு கரடுமுரடாக இருக்கும். அதனால் நூற்றுக்கணக்கான ஓட்டங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தோம். எங்கள் துறையில் அது பல் தேய்ப்பதுபோல, யாரும் யோசித்துச் செய்வதில்லை. திரையில் வந்தது தட்டையான கோடு. மாதக்கணக்கில் அதே கோடு. அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிந்தபோது, நீட்டிக்கச் சொல்லிக் காட்ட ஒன்றுமில்லை. ஏசியை, லேசரை, கடைசியில் மும்பையின் உப்புக்காற்றையே திட்டித் தீர்த்துவிட்டு அவள் கிளம்பினாள். கடைக்கும் போகவில்லை. நெருளில் ஒரு பயிற்சி வகுப்பில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள், வெளிநாட்டில் வேறொரு குழு காலப் படிகத்தைப் பார்த்துவிட்டதாகப் படித்தேன். அவர்கள் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்திருந்தார்கள். எங்கள் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தாவல் அச்சடித்ததுபோல இருந்தது. சில ஓட்டங்கள் கறுப்பில் தொடங்கியிருந்தன, சில வெள்ளையில். எதில் தொடங்குவது என்பது அணுக்களின் இஷ்டம். கூட்டிச் சராசரி எடுத்தபோது ஒன்றையொன்று அழித்துவிட்டன. தேடியதை நாங்களே தினமும் துடைத்துப் போட்டிருக்கிறோம்.

அவளிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. வகுப்பு முடிந்து வருகிறவளைச் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கச் சொல்லி, பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒவ்வொரு ஓட்டமாகப் பார்த்தாள். அடுத்த லோக்கலும் வந்து போனது.

"நான் விட்டுட்டுப் போன அன்னைக்கும் இது அங்கனதான் இருந்துச்சாட்டி?"

"மொதல்லேர்ந்தே இருந்ததுடி. நீ தோத்துப்போகலைன்னு அப்பாகிட்ட சொல்லு. வேணும்னா நானே வந்து சொல்றேன்."

அவள் லேப்டாப்பை மெதுவாக மூடி என் மடியில் வைத்தாள்.

"வேண்டாம்ட்டி. கடை, கடைன்னு கெடந்த மனுசன், நான் அழுததப் பாத்து, 'இல்லாத ஒண்ணுக்கு எதுக்கும்மா அழுத'ன்னு சொல்லித்தான் என்னையத் தேத்துனாரு. இப்பம் இருந்துச்சுன்னு சொன்னா, அவரு என்னத்தைச் சொல்லித் தேத்துவாரு?"