மைக்கை ஊமையாக்கிய ஜரிகை

பெரிய காஞ்சிபுரத்தில் சின்னதாகப் பட்டுப் புடவைக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கை ஒரு பாட்டுப் போட்டிக்கு அன்று மாலைக்குள் பாடி அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகப் பழைய ரெக்கார்டர் ஒன்றை மைக்கோடு வாங்கினேன். பாட்டோடு கரகரவென்று இரைச்சலும் சேர்ந்து பதிந்தது. பார்த்தால், மைக் ஒயர் முனையில் உறை பிய்ந்து இரண்டு கம்பிகள் வெளியே தெரிந்தன. கைக்குக் கிடைத்த ஜரிகையால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அதோடு இரைச்சல் மட்டுமல்ல, பாட்டும் பதியாமல் நின்றுவிட்டது.

விற்றவருக்குப் போன் போட்டு, "குப்பையை என் தலையில் கட்டிட்டீங்களே!" என்று கத்தினேன்.

"நான் குடுக்கும்போது பேசிக்கினுதானேமா இருந்துது? அப்புறம் நீங்க இன்னா பண்ணீங்க?" என்றார்.

சுருக்கென்றது. அசல் வெள்ளி ஜரிகை என்று தினமும் சத்தியம் செய்து விற்பவள் நான். வெள்ளியில் கரண்ட் பாயுமே! இரண்டு கம்பியையும் நானே ஒன்றாக்கி மைக்கை ஊமையாக்கியிருக்கிறேன்.

ஜரிகையைப் பிரித்துவிட்டு, கம்பிகள் ஒன்றோடொன்று உரசாதபடி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கரண்ட் பாயாத பட்டு நூலால் சுற்றினேன். தங்கையின் குரல் கணீரென்று பதிந்தது. இரைச்சல் போயே போச்சு! நேரத்தோடு அனுப்பியும்விட்டோம்.

விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் ஒயரைத் தொடுவதற்கு முன் ஜரிகையை எட்ட வைத்துவிடுகிறேன். கடையில் யாராவது, "அசல் ஜரிகைதானா?" என்று இழுத்தால் மட்டும், "மைக்ல கட்டிக் காட்டட்டுமா?" என்கிறேன்.